விரல் வைத்தால் வரும் சத்தம்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் நடத்துகிறவள் நான். சுடுகாட்டில் தானாக நெருப்பு எரிந்தது, புளியமரத்தில் யாரோ உட்கார்ந்திருந்தாள் என்று பிள்ளைகள் கதை கொண்டுவந்தால், அது எந்த வாயு, எப்படிப் பற்றிக்கொள்ளும் என்று கரும்பலகையில் படம் போட்டு அவர்கள் வாயை அடைத்திருக்கிறேன். மாதா கோயிலில் முழங்காலில் நிற்பேன், ஜெபமாலை சொல்வேன், அது வேறு விஷயம். பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் இப்போது நீங்கள் எழுந்து போனாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். கடைசிவரை படித்துவிட்டுப் போங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

ராயபுரத்தில் எங்கள் வீடு மாடியில் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். கீழே கன்னியம்மா குடும்பம். அவள் வீட்டுக்காரர் ஏழுமலைக்குச் சொந்தமாக ஒரு லாஞ்சு இருந்தது, எஞ்சின் வைத்த மீன்பிடிப் படகை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் கணவர் ரயில்வேயில் இருந்தவர். எங்கள் மகன் சேவியர் ஹைஸ்கூல் முடிப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். ஒரே பிள்ளை. அவனைத் துறைமுகத்தில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட வேண்டும் என்று நான் ஏறி இறங்காத படி இல்லை. அவனோ ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அதுவும் சலித்துப்போய், ஏழுமலையின் லாஞ்சில் எஞ்சின் பார்க்கப் போய்ச் சேர்ந்தான்.

அவன் கடலுக்குப் போகும்போதெல்லாம் எங்களுக்குள் இதே பேச்சுதான்.

"ஏழுமல அண்ணன் கூடத்தானே போறேன், இன்னாத்துக்கு பயந்துகினு கீற?"

"என்னத்துக்குன்னு கேளுடா. ஒரு டீச்சர் மகன் பேசுற பேச்சா இது?"

"கடல்ல போயி உன் தமிழு பேசுனா மீனு வலையில வுழாதுமா, சிரிச்சிகினே பூடும்."

நானும் சிரித்துவிடுவேன். அவன் படி இறங்கியதும் சிரிப்பு போய்விடும். இரண்டு மூன்று நாள் கழித்து அவன் கதவைத் தட்டும்வரை படியில் கேட்கிற ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து நிற்பேன். அவன் தட்டுவதே ஒரு தினுசு, இரண்டு சின்னத் தட்டு, பிறகு உள்ளங்கையை அப்படியே கதவில் வைத்து நீளமாக ஒரு தேய்ப்பு. யார் என்று கேட்காமலே திறந்துவிடுவேன்.

வீட்டில் என் கணவர் வாங்கிய பெரிய ரேடியோ ஒன்று உண்டு. தேக்குப் பெட்டி, உள்ளே கண்ணாடி வால்வுகள், போட்டால் சூடேறிப் பேசக் கொஞ்ச நேரமாகும். அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சேவியர் பின்னட்டையைக் கழற்றிவிட்டு என்னை இழுத்து உட்கார வைத்தான். தான் இல்லாதபோது நானே பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

"மொதல்ல இடது கைய முதுகுக்குப் பின்னால வை. உள்ள ஒரு கைதான் போவணும். ரெண்டு கையும் போச்சுன்னா கரண்டு நெஞ்சு வழியா பூடும்."

அன்றிலிருந்து நான் இடது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புச் சேலையில் செருகிக்கொள்வேன். அதைப் பார்த்து கன்னியம்மா, "இன்னா டீச்சரம்மா, யாருக்காச்சும் தெரியாம மிட்டாய் வெச்சிகினு கீறியா?" என்று கேலி செய்வாள்.

அடுத்து அவன் சொல்லிக்கொடுத்ததுதான் முக்கியம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பின்னால் மூன்று சின்னக் கால்கள் இருக்கும். நடுக்காலில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அதன் இரும்பில் விரலை வைத்தால் ஸ்பீக்கரில் 'ஊம்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்தால் அங்கிருந்து ஸ்பீக்கர்வரை எல்லாம் நலம், கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. வராவிட்டால் கோளாறு இந்தப் பக்கம்.

"அது ரேடியோ சத்தம் இல்லமா. இந்த வூட்டு கரண்டு சத்தம். செவுத்துல வயரு ஓடுதுல்ல, அது நம்ம ஒடம்பு மேல படிஞ்சிகினே கீது. வெரல வெச்சா அது உள்ள போயி கத்துது."

அவன் விரல் வைப்பதும் கதவு தட்டுகிற மாதிரிதான். ஊம், ஊம், ஊ...ம். இரண்டு சின்னது, ஒரு நீளம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. நம் உடம்பில் வீட்டின் சத்தம் படிந்திருக்கிறது என்பதை வகுப்பில்கூடச் சொன்னேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஐப்பசி முடிகிற நேரம். சேவியர் கிளம்பும்போது தன் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தான். கடலுக்குப் போனால் அதுதான் அவர்களுக்கு வானிலை சொல்வது. "கரகரங்குது. போற வழியில பாத்துக்கிறேன்" என்று பையில் போட்டுக்கொண்டான். பார்த்துவிட்டுப் போயேன் என்றேன். ஏழுமலை கீழேயிருந்து, "சேவியரு, வர்றியா, இல்ல அம்மா மடியிலயே ஒக்காந்துக்கிறியா?" என்று கத்த, ஓடிவிட்டான்.

அவன் போன மறுநாளே மேகம் கட்டிவிட்டது. அதற்கும் அடுத்த நாள் பகலில் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். நான் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தபோது கன்னியம்மா படியிலேயே நின்றாள்.

"டீச்சரம்மா, ஆர்பர்ல கூண்டு ஏத்திட்டாங்கோ. உன் ரேடியோவ கொஞ்சம் போடு, எந்தப் பக்கம் கரை ஏறுதுன்னு சொல்வாங்கோ."

புயல் கூண்டு ஏற்றினால் கரையில் நிற்பவர்களுக்குத் தெரியும். கரை கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? அவர்களுக்கு அந்தக் கரகர டிரான்சிஸ்டர்தான்.

ரேடியோவைப் போட்டேன். முகப்பு விளக்கு எரிந்தது, வால்வுகள் சூடாயின, வெறும் இரைச்சல். முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினேன். ஒரு ஸ்டேஷன்கூட இல்லை.

"நல்ல நேரம் பாத்து கவுத்துச்சு பாரு உன் பொட்டி" என்றாள் கன்னியம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்கிற மற்றப் பெண்களோடு நிற்கப் போய்விட்டாள்.

எனக்குக் கரைக்குப் போக தைரியம் இல்லை. அங்கே போய் அந்தக் கடலைப் பார்க்க என்னால் முடியாது. அறையில் நான், ரேடியோ, சன்னலில் மழை. துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டிகளின் சத்தம்கூட அன்று இல்லை. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, அதனால் பின்னட்டையைக் கழற்றினேன்.

இடது கையைப் பின்னால் செருகிக்கொண்டேன். வால்வுகள் எல்லாம் எரிகின்றன. நடுக்காலில் விரல் வைத்தேன், 'ஊம்' என்று கத்தியது. அப்படியென்றால் இங்கிருந்து ஸ்பீக்கர்வரை நலம். கோளாறு முன்னால். மொட்டை மாடிக்குப் போய் ஏரியல் கம்பியைப் பார்த்தேன், அறுபடாமல் கட்டியபடியே இருந்தது, நான்தான் முழுக்க நனைந்தேன். திரும்பி வந்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, வால்வுகள் ஆறியதும் ஒவ்வொன்றாக அசைத்து உட்கார வைத்துவிட்டு, பிளக்கைச் செருகிப் பார்த்தேன். அதே இரைச்சல். மறுபடி பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் சாயங்காலமாகி அறை இருட்டிவிட்டது. கம்பிச் சுருள்களைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும், அதற்கு டார்ச்சு எடுக்கப் போனேன்.

நான் அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தபோது ரேடியோ 'ஊம்' என்றது.

பிளக் தரையில் கிடந்தது. அதன் இரண்டு பித்தளைக் கால்களும் எனக்குத் தெரிந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முறை, 'ஊம்'. நடுக்காலில் யாரோ விரல் வைத்த மாதிரி.

நம்பினால் நம்புங்கள், முதலில் எனக்குப் பயம் வரவில்லை. டீச்சர் புத்திதான் வேலை செய்தது. கரண்டை எடுத்த பிறகும் பெரிய கண்டென்சரில் கொஞ்சம் மிச்சம் தேங்கியிருக்கும் என்று சேவியர் சொல்லியிருக்கிறான். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துத் தொட்டால் ஒரு பொறி பறந்து காலியாகிவிடும். தொட்டேன். பொறி வரவில்லை. அது ஏற்கெனவே காலி. ஸ்க்ரூடிரைவரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஊம், ஊம், ஊ...ம்.

இரண்டு சின்னது, ஒரு நீளம்.

அது நின்ற பிறகு இன்னொன்று வந்தது, மங்கலாக, மிக நீளமாக, விரலை வைத்தவர் எடுக்க மறந்துவிட்ட மாதிரி. மறுபடி இரண்டு சின்னது, ஒரு நீளம்.

"சேவியர்" என்று கூப்பிட்டேன். ஆமாம், பிளக் பிடுங்கிக் கிடக்கிற ரேடியோவின் முகத்துணியில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். "சேவியர், அம்மாடா." மறுபடி அதே இரண்டு சின்னது, ஒரு நீளம். அது என்னைக் கூப்பிடுகிற சத்தமே இல்லை, அது எனக்குப் புரிந்துவிட்டது. நான் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. அவன் எங்கோ உட்கார்ந்து தன் பெட்டியைத் திறந்து கோளாறு தேடுகிறான். விரல் வைக்கிறான், காது கொடுத்துக் கேட்கிறான், மறுபடி வைக்கிறான். பேச வேண்டியது பேசவில்லை என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். இத்தனை கிட்டத்தில் அவன் விரல் இருந்தும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வழியில்லை. அந்த அறையில் நான் அவ்வளவு தனியாக இருந்ததே இல்லை, என் கணவர் இறந்த அன்றுகூட.

என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தேடினேன். வேறென்ன செய்வேன்? டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏரியல் கம்பி வந்து சேருகிற சுருளைப் பார்த்தேன். தலைமுடி போன்ற செப்புக் கம்பி. அது முடிகிற இடத்தில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. எங்கள் பக்கத்தில் பூட்டிலிருந்து பூட்டின் சாவிவரை எதையும் விட்டுவைக்காத உப்புக் காற்று அதையும் தின்றிருந்தது. நகத்தால் தொட்டதும் கம்பி தனியாக ஆடியது. அறுந்துதான் இருந்தது.

என் கணவருடைய சவரப் பிளேடு ஒன்று அலமாரியில் இன்னும் இருக்கிறது. அதை எடுத்து அந்தப் பச்சையைச் சுரண்டத் தொடங்கினேன். நான் சுரண்ட ஆரம்பித்ததும் ஸ்பீக்கரில் சத்தம் மறுபடி வந்து, இந்த முறை நிற்காமல் ஊ...ம் என்று அப்படியே இருந்தது, யாரோ விரலை எடுக்காமல் கவனித்துக் கேட்கிற மாதிரி. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. சுரண்டினால் வந்தது. செம்பு சிவப்பாகத் தெரிகிறவரை சுரண்டினேன். பற்றவைக்க என்னிடம் ஈயம் கிடையாது. இரண்டு நுனியையும் முறுக்கி, என் நீலச் சேலை முந்தானையில் ஒரு நூலை உருவி, அதன்மேல் இறுக்கிக் கட்டினேன். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

பிளக்கைச் செருகினேன். சூடேறும்வரை அருள் நிறைந்த மரியே சொன்னேன், முடிப்பதற்குள் பேச்சு வந்துவிட்டது. மீனவர்களுக்கான அறிவிப்பு. புயல் சென்னைக்குக் கிழக்கே இருக்கிறது, வேகமாக வருகிறது, கடலில் இருப்பவர்கள் உடனே அருகிலுள்ள கரைக்குத் திரும்ப வேண்டும். அதையே இரண்டாம் முறையும் வாசித்தார்கள். வாசித்து முடித்த கொஞ்ச நேரத்தில் வட்டாரம் முழுக்கக் கரண்ட் போயிற்று.

அந்த ராத்திரியைப் பற்றி எழுதப்போவதில்லை. கன்னியம்மாவும் நானும் கீழ் வீட்டில் ஒரு லாந்தர் விளக்கோடு உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

மறுநாள் வெயில் வந்தது. உடை மாற்றலாம் என்று மாடிக்கு வந்திருந்தேன். இரண்டு சின்னச் சத்தம், ஒரு நீளம். அது கதவிலிருந்து வந்ததா, ரேடியோவிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி வரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யம்மோவ்! இன்னா தூங்கிகினு கீறியா?"

கதவைத் திறந்து அவனை அறைந்தேன், பிறகு கட்டிக்கொண்டேன். கீழே கன்னியம்மா ஏழுமலையைத் திட்டுகிற திட்டு தெருவுக்கே கேட்டது. படகை எண்ணூர் முகத்துவாரத்துக்குள் ஏற்றிவிட்டு, எர்ணாவூர்வரை நடந்து, அங்கே ஒரு லாரி பிடித்து வந்திருக்கிறார்கள்.

கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னான். "நேத்து சாயங்காலம் டிரான்சிஸ்டரு சுத்தமா படுத்துக்குச்சு. அண்ணன் இன்னும் வடக்க போலாம்னு நின்னாரு, அங்கதான் மீனு கீதுன்னு. எனக்கு மானத்த பாத்தா சரியா படல. பெட்டிய தொறந்து வெரல வெச்சேன். ஊம்னு கத்துச்சுமா."

"கத்தணும்தானே?"

அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். "எப்படிமா கத்தும்? அது வூட்டு கரண்டு சத்தம்னு சொன்னேன்ல? நடுக்கடல்ல ஏது வூடு, ஏது செவுரு, ஏது வயரு? அங்க வெரல் வெச்சா டிக்குனு ஒரு சத்தம் வரும், அவ்ளோதான். எனக்கு நம்ம வூட்டு சத்தம் கேட்டுச்சுமா. வெரல எடுக்கவே மனசு வரல. அப்பால எலி கொறிக்கிற மாதிரி ஒரு சத்தம்."

"எலியா?"

"இல்ல, பிளேடால எதையோ சொரண்டுற மாதிரி. அது நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல திடீர்னு ஆளு பேசுறான். ரெண்டு வாட்டி சொன்னான், அதோட பெட்டி செத்துப்போச்சு. அண்ணன் ஒடனே சுக்கான திருப்பிட்டாரு."

பிறகு டிரான்சிஸ்டரை மேஜையில் வைத்துத் திறந்தான். உள்ளே சுருளின் முனையில் பச்சை பூத்துக் கம்பி அறுந்து தனியாக நின்றது. "இது அந்துதான் கீது. அப்போ எப்படிமா பேசுச்சு?" என்றான். நான் பெரிய ரேடியோவின் பின்னட்டையைக் கழற்றி நீல நூல் முடிச்சைக் காட்டி, நான் கேட்டதையெல்லாம் சொன்னேன். முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு ஈயம் வாங்கி வந்து இரண்டையும் பற்றவைத்தான்.

"இத்த யார்கிட்டயும் சொல்லாதமா. அப்பால எந்த லாஞ்சுலயும் என்னிய ஏத்த மாட்டானுங்கோ" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கே அவனிடம் கேட்டேன், "ரெண்டு சின்னது, ஒரு நீளம், அது நீதான். நடுவுல ரொம்ப நீளமா, மங்கலா ஒண்ணு வந்துச்சே, அது எதுக்கு?"

"நான் அப்படி வெக்கலயேமா" என்றான்.

அந்தப் புயலில் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து போன படகு திரும்பவில்லை. அதில் ரேடியோ ஏதாவது இருந்ததா என்று விசாரித்துச் சொல்லும்படி கன்னியம்மாவிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டாள், சும்மாதான் என்றேன். அங்கே அவளுக்கு உறவு உண்டு, போய்விட்டு வந்து சொன்னாள். "இருந்துச்சாம் டீச்சரம்மா. புதுசா கண்ணாலம் ஆன புள்ளயாம், மாமியா வூட்ல குட்த்த ரேடியோவாம். அத்த காதுலயே வெச்சிகினு இருப்பானாம் பாவம்."

சேவியர் இப்போது சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போய்விட்டான். மாதக்கணக்கில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். ரேடியோவைக் கேட்டு முடித்ததும் பிளக்கைப் பிடுங்கித் தரையில், என் கண்ணில் படுகிற இடத்தில் போட்டுவிடுவேன். மழைக்காலத்துச் சாயங்காலங்களில், எப்போதும் இல்லை, சில நாள், அது வருகிறது. மங்கலாக, நீளமாக, அதே ஊ...ம்.

எங்கள் ரேடியோவில் அறுந்த கம்பி எதுவும் இப்போது இல்லை. பின்னட்டையைக் கழற்றி, டார்ச்சு அடித்து, ஒவ்வொரு முனையாகப் பார்த்துவிட்டேன், எல்லாம் சிவப்பாகத்தான் இருக்கிறது. எதைச் சுரண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இடது கையைப் பின்னால் செருகிக்கொண்டு நடுக்காலில் விரலை வைக்கிறேன், வீட்டுச் சத்தமாவது அங்கே கேட்கட்டும் என்று. நான் வைத்திருக்கும்வரை அந்தப் பக்கம் அடங்கி இருக்கிறது. கை வலித்து நான் எடுத்துவிட்டால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த விரல் மறுபடி முதலிலிருந்து தேடத் தொடங்குகிறது.